புகைக்கூண்டு பங்களாவை நான் விற்ற விதம்

முதலில் வீட்டுக்குள் வந்தது மீரான் ராவுத்தரின் மிதியடி.

மழைக்காலம் என்று அவர் மரக்கட்டை மிதியடி போட்டு வந்திருந்தார். வாசலில் கழற்றி விட்டது, படியேறி, கூடத்தைத் தாண்டி, யாரும் கூப்பிடாமலே அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். நடந்து வருகிற மாதிரியேதான் வந்தது. மேலே ஆள் மட்டும் இல்லை.

ராவுத்தர் குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எந்தாடா இது?”

“ஆறுங்க மாமு.”

“ஆறு வெளியேல்ல இருந்துது?”

“உள்ளயும் வருமாட்ட இருக்குதுங்க.”

பங்களாவின் சொந்தக்காரர் வேலாத்தா அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கட்டிலிருந்து வந்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பந்தியில் இலை போட்டாச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னார்: “மேல போயிரலாமுங்க. இது இன்னும் ஏறும்.”

என்னுடைய செருப்பு வரவில்லை. அது தோல் செருப்பு. எனக்கு முன்பே நிலைமை புரிந்து ஆற்றோடு போயிருந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதே ஆற்றில் என் கல்யாணமும் போய்க்கொண்டிருந்தது.

எருமைக்காரருக்கு ஒரு வார்த்தை

கல்யாணத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு விஷயம். போன வாரம் இந்தப் பத்திரிகையில், எருமைக் கொம்புக்கு எண்ணெயும் கரியும் பூசி வயதைக் குறைத்த கதையைச் சொல்லியிருந்தேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். அந்த எருமையை வாங்கியது அவருடைய அப்பாவாம். நல்லது. எருமையும் போய்விட்டது, அவருடைய அப்பாவும் போய்விட்டார், நான் போகிற வழியில் இருக்கிறேன். இனி யாரும் யாரையும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்னொருவர், இவ்வளவு பேசுகிறவர் எவ்வளவு படித்திருப்பார் என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். வாத்தியாருக்குக் கறவை மாடு பார்த்துக் கொடுக்க. இதையெல்லாம் நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். நான் கெட்ட வார்த்தை சொல்லும் இடத்தில் பேனாவை மூடிவிடுவாள். ஆகவே நீங்கள் படிப்பது பாதி நான், பாதி அவள். நல்ல பாதி எது என்று வீட்டில் பேச்சே இல்லை.

பல் இல்லாத தரகன்

நான் மாட்டுத் தரகன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் உழவு மாடோ கறவை மாடோ வேண்டுமென்றால் காஜாவைக் கூப்பிடு என்பார்கள். கூப்பிட்ட பிறகு, ஏன் கூப்பிட்டோம் என்பார்கள்.

கேரளம் என்று ஒரு ராஜ்ஜியம் வந்ததே, அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே நடந்தது இது. அப்போது எனக்கு மீசை இருந்தது. முன்பல் இரண்டு இல்லை. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு பசுவின் பின்னால் நின்றுகொண்டு, ‘பச்சைப் புள்ளகூடப் பால் கறக்கலாம், அம்புட்டுச் சாது’ என்று நான் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது போனவை.

ஜைனம்புவை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பாலக்காட்டில் மிளகாய் மண்டி வைத்திருந்த மீரான் ராவுத்தரின் ஒரே மகள். எங்களுக்குத் தூரத்து உறவு. அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் தூரம். நெய்ச்சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பந்தலின் திரையோரம் போனேன். திரை விலகியிருந்த இடத்தில் நின்று ஒருத்தி கேட்டாள்.

“மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாத்துத்தான் வாங்குவீங்களாமே?”

“ஆமாங்க.”

“அப்ப உங்களை யாரு வாங்கறது?”

உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றாள். சந்தையில் நாலு பேர் சேர்ந்து கத்தினாலும் எனக்கு வாய் அடைத்ததில்லை. அன்று அடைத்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சோறு கிடைக்காமல் ஆண்கள் பந்தியில் சத்தம் போட்டார்கள்.

அடுத்த வாரமே அம்மாவைப் பெண் கேட்க அனுப்பினேன்.

மண்டிக்குள் நுழைந்தால் யாருக்கும் தும்மல் வரும். ராவுத்தருக்குத் தும்மல் தீர்ந்து இருமலாகி வெகுகாலம். அம்மா தும்மிக்கொண்டே கேட்டிருக்கிறார், அவர் இருமிக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார். அம்மா திரும்பி வந்து அப்படியே ஒப்பித்தார்:

“‘உங்க மகன் இன்னைக்கு ஒண்ணைச் சொல்லி விக்கறான், நாளைக்கு வாங்குனவன் வந்து சட்டையைப் புடிக்கறான். தெனமும் சட்டை கிழிஞ்சு வர்றவனுக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கறது? மாடு அல்லாத ஒண்ணைப் பேரு கெடாம வித்துக் காட்டச் சொல்லுங்க. அப்பறம் பேசலாம்’னாருடா.”

“மாடு அல்லாததுன்னா எருமை ஆகுமாம்மா?”

அம்மாவிடம் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு தும்மல் மிச்சம் இருந்தது. அதைத் தும்மினார்.

ஊடு உதைக்குமா?

வேலாத்தா அம்மாவுக்கு முந்தின வருஷம் எருமைகளை விற்றுக் கொடுத்திருந்தேன். அவர் வீட்டுக் கவுண்டர் காலமாகியிருந்தார். பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்த மகளோடு போய் இருந்துவிடலாம் என்று அவருக்கு எண்ணம். சித்தூருக்கு வெளியே, ஆற்றங்கரையில் கவுண்டர் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட பங்களா மட்டும் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“எருமையை வித்தவனுக்கு ஊட்டை விக்கத் தெரியாதாடா? எருமை நடக்கும், ஊடு நிக்கும். அம்புட்டுத்தானே வித்தியாசம்?” என்றார்.

அதைக் கட்டியவன் ஒரு எஞ்சினீயர் துரை. கீழே கருங்கல், மேலே முழுக்கத் தேக்கு. ஓட்டுக் கூரைக்கு நடுவே ஒரு புகைக்கூண்டு. பாலக்காட்டு வெயிலில் குளிர்காய அடுப்பு கட்டிய ஆள் அவன் ஒருத்தன்தான் இருக்க வேண்டும். அடுப்பில் ஒரு தடவையாவது தீ போட்டானா தெரியாது. நாங்கள் பார்த்தபோது வௌவால் குடியிருந்தது. வீட்டுக்கு முன்னால் துரை பந்தடித்த புல்தரையில் கன்றுக்குட்டிகள் மேய்ந்தன. பின்னால் மாமரங்கள், ஜாதிக்காய் மரங்கள், அதற்கப்புறம் கல் படிக்கட்டு. படிக்கட்டு முடிகிற இடத்தில் ஆறு.

நான் முதலில் வீட்டைப் பின்பக்கமிருந்து சுற்றி வந்தேன். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு சுற்று. தூண்களை உள்ளங்கையால் தட்டினேன்.

“எதுக்குடா பேய் புடிச்சவனாட்டச் சுத்தறே?” என்றார் வேலாத்தா அம்மா.

“உதைக்குமான்னு பாக்கறனுங்க.”

“ஊடு உதைக்குமாடா?”

“சில ஊடு உதைக்குமுங்க. வாங்கிக் குடி போன மறு மாசம் ஆளைப் படுக்க வெச்சிரும்.”

அம்மா தலையாட்டினார். அந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

கூடத்துச் சுவரில்தான் அந்தக் கோடுகளைப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, கறுப்பு மையில் இழுத்த கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இங்கிலீஷில் பொடியாக ஏதோ எழுதியிருந்தது. ஒன்று முழங்காலுக்கு, ஒன்று இடுப்புக்கு, ஒன்று மார்புக்கு. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எழுத்துத்தான் தெரியாதே தவிர, விளங்குவதில் எனக்குக் குறைச்சல் இல்லை.

“தொரை ஊட்டுப் புள்ளைக ஒசரமுங்க இது. வருசா வருசம் நிக்க வெச்சு அளந்திருக்கறானுங்க. பேரும் எழுதியிருக்குது பாருங்க.”

வேலாத்தா அம்மா கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

“அப்பிடியே சொல்லிக்க” என்றார்.

மேலே ஒரு கோடு என் தலைக்கும் உயரத்தில் இருந்தது. தொப்பியோடு அளந்திருப்பார்கள் என்று அதையும் தீர்த்துவிட்டேன்.

கரை இருக்கு, ஆறு எங்கே?

சித்திரையில் ஆள் கூட்டி வர ஆரம்பித்தேன். அதுதான் நான் செய்த முதல் பிசகு.

பள்ளிவாசல் என்கிற மலையூரில் தேயிலை எஸ்டேட்டுக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் ஒருவர், வேலை முடிந்து சமவெளியில் இருக்கலாம் என்று வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மலைக் குளிரில் இருந்த பழக்கத்தில் கம்பளிச் சட்டையோடு வந்து, வியர்த்து ஊற்ற நின்றார். நேராகப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். கீழே மணல். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மணல். நடுவில் ஒரு கழுதை நின்றது.

“ஏம்வே, ஆத்தங்கரைன்னு சொன்னீரு. கரை இருக்கு. ஆத்த எங்கவே?”

“வருமுங்க.”

“எப்பவே வரும்? பஸ்ஸா அது?”

“மேல மழை பேஞ்சா வருமுங்க.”

“மேலதாம்வே நான் இருந்தேன். அங்க பெய்யுத மழைய அங்கயே பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது கம்பளிச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்து கல்பாத்தியிலிருந்து ஒரு வக்கீல் சாமி. அவருக்கு வீடு பிடித்தது. மணலும் பிடித்தது, சாயங்காலம் நடக்கலாமாம். சமையல்கட்டைப் பார்த்தபோது மட்டும் ஒன்று கேட்டார்.

“துரை இருந்தப்போ இங்க என்ன பண்ணிண்டிருந்தா?”

விற்கிற பொருளைப் பற்றிக் கேட்டால் மறைக்கக் கூடாது, பேர் கெடக் கூடாது என்று ராவுத்தர் சொல்லியிருந்தாரே. உண்மையைச் சொன்னேன்.

“மாட்டுக்கறிங்க சாமி. எங்கத்தாதான் கொண்டாந்து குடுப்பாரு. இந்த அடுப்புல நல்லா வேகும்.”

அவருடைய வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்காமலே நிறுத்தி வைத்திருந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று இரவு யோசித்தேன். தப்பு வீட்டில் இல்லை. காட்டின விதத்தில். சந்தைக்கு மாடு ஓட்டுகிறவன் என்ன செய்வான்? விடியற்காலையில் உப்புப் போட்டுப் புண்ணாக்குத் தண்ணீர் காட்டுவான். மாடு வயிறு முட்டக் குடித்து, விலா எலும்பு மறைந்து, பக்கவாட்டில் பார்த்தால் நெல் பத்தாயம் மாதிரி நிற்கும். ஒட்டிய வயிற்றோடு எந்த மடையனாவது மாட்டைச் சந்தையில் நிறுத்துவானா? நான் நிறுத்தியிருக்கிறேன். ஆற்றின் விலா எலும்பு மொத்தத்தையும் வருகிறவனுக்குக் காட்டியிருக்கிறேன்.

ஆறு வயிறு நிறையக் குடிக்கட்டும், அதுவரை யாருக்கும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இன்னும் ஒரு நாள் குடிக்கட்டும்

அப்போது பார்த்து மீரான் ராவுத்தரே சொல்லி அனுப்பினார். மிளகாய்த் தூசியை விட்டு விலகாவிட்டால் இருமல் ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆற்றுக்காற்று வேண்டுமாம்.

“விக்கறது நானுன்னு தெரியுமாம்மா அவருக்கு?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சுதாண்டா. ‘மத்தவன்கிட்ட எதுக்கு, என்கிட்டயே வித்துக் காட்டட்டும்’னாரு. வித்துட்டு அவரு சட்டையைப் புடிக்காம இருந்தா, அடுத்த பேச்சு நிக்காஹ் பேச்சுத்தான்.”

சந்தையில் எவன் தலையில் எதைக் கட்டினாலும் அடுத்த சந்தைக்கு இடத்தை மாற்றிக்கொள்ளலாம். மாமனாரை மாற்ற முடியுமா?

வைகாசியில் வருகிறேன் என்றார். வெள்ளையடிக்கிறோம் என்றேன். ஆனியில் வருகிறேன் என்றார். வௌவால் விரட்டுகிறோம் என்றேன். தினமும் போய்ப் படிக்கட்டில் நின்று ஆற்றைப் பார்த்தேன். முதலில் நடுவில் ஒரு கயிறு மாதிரி தண்ணீர். பிறகு பாறைகள் மறைந்தன. ஆடி பிறந்ததும் மலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆறு புண்ணாக்குத் தண்ணீர் நிறத்தில் கரைக்குக் கரை தளும்பியது.

அன்றே கூப்பிட்டிருக்கலாம். ஆசை விடவில்லை. இன்னும் ஒரு நாள் குடிக்கட்டும் என்று விட்டேன். மாடாக இருந்தால் போதும் என்று தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ராவுத்தர் மழைச் சாரலில் குடையோடு வந்து இறங்கினார். வேலாத்தா அம்மா காப்பி கொடுத்தார். நான் வரிசையாகக் காட்டினேன். தேக்கைத் தட்டிக் காட்டினேன். புகைக்கூண்டைக் காட்டி, இருமலுக்கு இதுவழியாகக் காற்று வரும் என்றேன். படிக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். மேல் படி ஒன்று மட்டும் தெரிந்தது.

“எத்தனை படி?” என்றார்.

“நெறையாங்க. எல்லாம் பத்திரமா உள்ள இருக்குதுங்க.”

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மூச்சை இழுத்தார். விட்டார். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவர் இருமவில்லை. அதை அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன். எனக்கு நெஞ்சுக்குள் நாதஸ்வரம் வாசிக்கிற மாதிரி இருந்தது.

கூடத்தில் கோடுகளையும் காட்டினேன்.

“பாருங்க மாமு, தொரை புள்ளைக. இவன் கடைக்குட்டி. இவன் நடுவுலவன். இந்த ஊட்டுல எப்படி மளமளன்னு வளந்திருக்கறானுங்க பாருங்க. புள்ளைகுட்டிக்கு ஏத்த ஊடு.”

பிள்ளைகுட்டி என்றபோது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். மரியாதைக்கு.

ராவுத்தர் கிட்டப் போய் அந்த இங்கிலீஷ் எழுத்தைக் கூர்ந்து பார்த்து, “ம், ம்” என்றார். அவருக்கும் எனக்கும் இங்கிலீஷ் ஒரே அளவுதான். ஆனால் அவர் மண்டி முதலாளி, தெரியாது என்று சொல்ல முடியாது.

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மிதியடி உள்ளே வந்தது.

கடைக்குட்டி முங்கிவிட்டான்

மரப்படி ஏறி மூவரும் மாடிக்குப் போனோம். மாடிப்படி வளைவில் நின்று பார்த்தால் கூடத்துச் சுவர் தெரியும். தண்ணீர் மெதுவாக ஏறி முதல் கோட்டில் போய்ச் சரியாக நின்றது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. பிறகு அதையும் தாண்டியது.

ராவுத்தர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேய் காஜா.”

“மாமு.”

“உன் கடைக்குட்டி முங்கிட்டான்.”

நான் எட்டிப் பார்த்தேன்.

“நடுவுலவனுக்கு இடுப்பு வரைக்கும் வந்துருச்சு.”

வேலாத்தா அம்மாதான் பேசினார். “அது புள்ளைக இல்லீங்க. தொரைக்குக் கல்யாணமே ஆகலைன்னு கேள்வி. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தண்ணி எம்புட்டு நின்னுதுன்னு கோடு இழுத்து வெச்சிருக்கறானுங்க. எங்கூட்டுக்காரர் வாங்கையில அவனே சொல்லிப்போட்டுத்தான் போனான்.”

“அம்மா!” என்றேன். “எங்கிட்டச் சொல்லலியேங்க?”

“நீ கேக்கலியே கண்ணு. புள்ளைகன்னு நீயாச் சொன்னே. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எதுக்குக் கெடுக்கறதுன்னு உட்டுட்டேன்.”

ராவுத்தர் என் சட்டையைப் பார்த்தார். பிடிக்கலாமா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை. எங்கே பிடித்தால் சௌகரியம் என்று நானே காட்டியிருப்பேன். மழை கொட்டியது. மாமரத்தில் ஒரு கன்றுக்குட்டி மாட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தது. கூர்ந்து பார்த்தால் வேலாத்தா அம்மாவின் சிவப்புப் போர்வை.

ராவுத்தர் சட்டையைப் பிடிக்கவில்லை. சாளரத்துப் பக்கம் போய் நின்றார். மூச்சை இழுத்தார், விட்டார். இருமல் வரவில்லை. வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி நின்றார். அப்போதும் வரவில்லை.

திரும்பி வந்து, “வெள்ளம் ஏறுற ஊட்டுக்கு என்ன வெலைம்மா?” என்றார்.

“ஏனுங்க, ஆத்தங்கரை வேணும்னு நீங்கதானே வந்தீங்க? கரையில நின்னு பாத்தீங்க, பத்தலைன்னு ஆறே உங்களைப் பாக்க வந்திருக்குது. இதுக்கு வெலை ஏறுமே தவிர எறங்காதுங்க.”

எனக்கு உயிர் கொஞ்சம் திரும்பியது. விலை பேசினால் வியாபாரம் இருக்கிறது. வியாபாரம் இருந்தால் நான் இருக்கிறேன்.

துண்டுக்குள் வாழைப்பழம்

விலை பேசுவதிலும் ஒரு சிக்கல். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். தோள்துண்டை விரித்து, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவோம். மிளகாய் மண்டியிலும் அப்படித்தான். வாயில் வந்த விலை விடிவதற்குள் ஊர் சுற்றிவிடும் என்பார் ராவுத்தர். ‘துண்டைப் போடுடா’ என்றார்.

அவர் விரலைப் பிடிப்பதில் கஷ்டமில்லை. வேலாத்தா அம்மாவின் விரலை நான் எப்படிப் பிடிப்பது? கவுண்டர் வீட்டு அம்மா, கைம்பெண். ஒரு மாட்டுத் தரகன் துண்டுக்குள் அவர் கையைப் பிடித்தான் என்று பேச்சு வந்தால் வெள்ளத்தில் போவதே மேல்.

“அம்மா, வாயால சொல்லிப்போடுங்க.”

“அவுரு மட்டும் துண்டுக்குள்ள பேசுவாரு, நான் ஊருக்குக் கேக்கச் சொல்லோணுமா? நானும் துண்டுக்குள்ளதான்.”

மாடி அறை உத்திரத்தில் ஒரு நேந்திரங்குலை பழுத்துத் தொங்கியது. அம்மா ஒரு சீப்பை அறுத்து வந்தார். தரையில் என் துண்டை விரித்து, அதற்கடியில் பழங்களை வைத்தார். ஒரு பழம் என்றால் ஒரு விரல். ஒரு விரல் என்றால் எவ்வளவு என்பதை இங்கே சொல்ல மாட்டேன். துண்டுக்குள் பேசியது துண்டுக்குள்தான்.

நான் குனிந்து துண்டுக்குள் கையை விட்டுத் தடவி எண்ணுவேன். எழுந்து போய் ராவுத்தரின் சால்வைக்குள் கையை விட்டு அதைச் சொல்வேன். அவர் இரண்டு விரலை மடக்குவார். திரும்பி வந்து துண்டுக்குள்ளிருந்து இரண்டு பழத்தை எடுப்பேன். அம்மா என்னை முறைத்து இரண்டையும் திரும்ப உள்ளே தள்ளுவார். இப்படிப் போய்க்கொண்டிருந்தது. வேறெங்கேயாவது நடந்திருந்தால் நானே நின்று வேடிக்கை பார்த்திருப்பேன்.

நடுவில் கீழே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. அம்மாவும் நானும் படி வளைவுக்குப் போய்ப் பார்த்தோம். கவுண்டரின் சாய்வு நாற்காலி கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அம்மா கொஞ்சநேரம் பார்த்தார். “எங்கூட்டுக்காரர் உசுரோட இருக்கையில அது இம்புட்டு நவுந்ததில்ல” என்றார்.

திரும்பி வந்து துண்டுக்குள் கையை விட்டேன். பழம் குறைந்திருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அம்மா இறங்கி வந்துவிட்டார்! வாயால் கேட்பது துண்டுக்கு மரியாதை இல்லை என்று நேராக ராவுத்தரிடம் ஓடி விரலைச் சொன்னேன். அவர் அசையாத முகத்தோடு என் கையை இறுக்கிப் பிடித்தார். சம்மதம். உள்ளங்கையில் உள்ளங்கையைத் தட்டினேன்.

“முடிஞ்சுதுங்கம்மா!”

“எத்தனைக்கு?”

துண்டைத் தூக்கினேன். பழங்களுக்குப் பக்கத்தில் தோல்கள் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

வேலாத்தா அம்மா தோலைப் பார்த்தார். ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் தாடியில் ஒரு பழநார் ஒட்டியிருந்தது.

“ஏனுங்க ராவுத்தரே! என்ற வெலையைத் தின்னுபோட்டீங்களே!”

“பசிம்மா. காலையில ஒரு ஆப்பம் தின்னுட்டு வந்தவன். தின்ன பழத்துக்குத் தனியாக் காசு குடுத்தர்றேன்.”

அது பசியா, வியாபாரமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பின்னால் பல வருஷம் கழித்துக் கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.

“கை தட்டியாச்சு” என்றார் ராவுத்தர்.

“தட்டுனது இவந்தானுங்க, நான் தட்டலை.”

“தரகன் தட்டுனாத் தட்டுனதுதானே?”

அம்மா கொஞ்சம் யோசித்தார். மிச்சமிருந்த பழங்களில் ஒன்றை உரித்து அவரும் தின்ன ஆரம்பித்தார். தின்றுகொண்டே சொன்னார்:

“சரிங்க. சந்தை நாயம்னு சொல்லிப்போட்டீங்க, அப்பிடியே இருக்கட்டும். ஆனா நாயம் முழுசாப் பேசோணுங்க. தரகன் ஒரு மாட்டை நல்ல மாடுன்னு வாயாரச் சொல்லி வித்து, அது பொய்யாப் போச்சுன்னா, மாட்டை யாரு கட்டித் தீனி போடோணும்?”

எனக்குத் தெரியும். ராவுத்தருக்கும் தெரியும். அது எங்கள் பக்கத்துச் சந்தை வழக்கம். சொன்ன குணம் மாட்டிடம் இல்லையென்றால், வேறு நல்ல ஆள் கிடைக்கிற வரைக்கும் தரகன் தன் கொட்டிலில் கட்டிப் பராமரிக்க வேண்டும். என் கொட்டில் காலியாக இருந்ததே கிடையாது.

“தரகன்தான்” என்றார் ராவுத்தர். மெதுவாக என் பக்கம் திரும்பினார். “புள்ளைகுட்டிக்கு ஏத்த ஊடுன்னு இவன்தானே சொன்னான்? அப்ப வாங்கறது நான். மழைக்காலம் பூரா இதுல குடியிருந்து, தண்ணி ஏறுனா சாமானைத் தூக்கி, எறங்குனா சேத்தைக் கழுவுறது இவன். கேட்டியாடா? நீ சொன்ன ஊட்டுல நீயே இரு.”

அவருக்கு நிஜமாகவே கோபம். அது எனக்குத் தண்டனை என்றுதான் நினைத்துச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்:

“தனியாவுங்களா மாமு?”

வாழ்க்கையில் நான் எத்தனையோ மாட்டின் பின்னால் நின்றிருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டபோது பயந்ததுபோல எங்கேயும் பயந்ததில்லை.

ஓட்டில் மழை கொட்டியது.

“இவனைத் தனியா உட்டா ஊட்டோட சேந்து இவனும் போயிருவானுங்க” என்றார் வேலாத்தா அம்மா, தோலை மடித்துத் துண்டில் வைத்தபடி. “வெவரமான பொம்பளை ஒருத்தி கூட இருந்து புடிச்சு வெச்சாத்தான் உண்டு.”

ராவுத்தர் அம்மாவை முறைத்தார். என்னை முறைத்தார். சாளரத்துக்கு வெளியே தன் மிதியடி ஒன்று மாமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

“மக கிட்டக் கேக்கணும்” என்றார்.

கட்டில்

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. முழங்கால் சேற்றில் அவரை என் முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். கனமான ஆள். வழியில் இரண்டு தடவை சறுக்கினேன். ஒரு தடவைகூட அவர் என் சட்டையைப் பிடிக்கவில்லை. காதைத்தான் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் ஜைனம்புவிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். ஆறு உள்ளே வந்தது, மிதியடி போனது, பிள்ளைகள் முங்கியது என்று, பழம் தின்றதை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாம். சோறு ஆறிப்போகும் வரை சொன்னாராம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்:

“மாடி இருக்குதா அத்தா?”

அதுதான் சம்மதம்.

நிக்காஹ் முடிந்து ஜைனம்பு மாட்டுவண்டியில் பங்களாவுக்கு வந்து இறங்கினாள். சுவரில் சேற்றுக்கறை இன்னும் ஈரமாக இருந்தது. வண்டிக்காரர் சீர் கட்டிலை இறக்கி, எங்கே போடுவது என்று கேட்டார். “மாடியில” என்றாள். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை. நான் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக மரப்படி ஏறினேன்.

பாதிப் படியில் இருக்கும்போது, வாசலில் இன்னொரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அதிலும் ஒரு கட்டில். கட்டில் மேல் மெத்தை, மெத்தை மேல் மீரான் ராவுத்தர், மடியில் தலையணையோடு.

“அந்தக் காத்து வர்ற சாளரம் இருக்குதல்லடா, அது பக்கத்துல எடம் உடு” என்றார். “நானும் மாடியிலதான்.”